பிளாக்செயின் டிஜிட்டல் அடையாளம்: சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

"உங்கள் அடையாளம் உங்கள் கையில்" என்ற வாக்குறுதியோடுதான் பிளாக்செயின் அடையாளச் சேவைகள் எல்லாமே அறிமுகமாகின்றன. பல கணினிகளில் நகலாக வைக்கப்படும், எழுதியதை அழிக்க முடியாத பதிவேடுதான் பிளாக்செயின்; சங்கிலி என்று நான் சொல்வதும் அதைத்தான். இந்தச் சேவைகளில் சிலவற்றைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். எத்தீரியம் என்ற பிளாக்செயினில் ஒரு பெயர், வாலட் (என் ரகசியச் சாவியை வைத்திருக்கும் செயலி) வழியாக உள்நுழைவது, கைபேசியில் வைத்திருக்கும் டிஜிட்டல் சான்றுகள், வயதை மட்டும் நிரூபிக்கும் வசதி எல்லாம் இதில் அடக்கம். புதிதாக நிறுவியவுடன் எழுதும் மதிப்புரைகள் நிறையக் கிடைக்கின்றன. போன் மாற்றியபோது என்ன ஆனது, அடியில் இருந்த வலைப்பின்னல் மூடப்பட்டபோது என்ன ஆனது, அழித்த தகவல் உண்மையில் எங்கே போனது என்பதை அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன என்பது முதலில் தெரிய வேண்டும். ஒன்றில் உங்கள் அடையாளமே சங்கிலியில் எல்லோர் பார்வைக்கும் இருக்கும். மற்றொன்றில் சான்று உங்கள் போனுக்குள் இருக்கும். சான்று தந்தவரின் பொதுச்சாவி (அவர் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவுவது) போன்ற சில விவரங்கள் மட்டுமே சங்கிலியில் இருக்கும். அந்தரங்கத்தைப் பொறுத்தவரை இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன.

முதல் வகையிலிருந்து தொடங்குகிறேன். எத்தீரியம் பெயர்ச் சேவையான ஈஎன்எஸ் 2017-இல் வந்தது. 42 எழுத்துகள் கொண்ட வாலட் முகவரிக்குப் பதிலாக நினைவில் நிற்கும் ஒரு பெயரை வைத்துக்கொள்ளலாம். பெயர் என் வாலட்டில் இருக்கிறது, கட்டணம் கட்டிப் புதுப்பித்துவரும் வரை என் சாவி இல்லாமல் வேறொருவர் எடுத்துவிட முடியாது, நடுவில் எந்த நிறுவனமும் என் கணக்கை முடக்க முடியாது. இந்த வாக்குறுதி முழுக்கக் காப்பாற்றப்பட்டது என்று உறுதியாகச் சொல்வேன். ஆனால் அந்தப் பெயரைத் தெரிந்த எவரும் ஒரு தேடலில் என் கணக்கில் உள்ள பண இருப்பு, நான் பணம் அனுப்பியவர்கள், எனக்கு அனுப்பியவர்கள், எந்தச் செயலியை எந்த நேரத்தில் தொட்டேன் என்பது வரை பார்க்கலாம். கண்ணாடி வீட்டின் சாவி என்னிடம் இருப்பது போலத்தான் இது.

வாலட் வழியாகத் தளங்களுக்குள் நுழையும் வசதியிலும் இதே சிக்கல். மின்னஞ்சல் கொடுத்து உள்ளே போனால் தளத்துக்குக் கிடைப்பது ஒரு மின்னஞ்சல் முகவரி. கடவுச்சொல் எதுவும் இல்லாமல் வாலட்டால் ஒரு கையொப்பம் இட்டு உள்ளே போனால், அந்த முகவரியின் பல ஆண்டு வரலாறும் சேர்ந்தே போய்விடுகிறது. தளம் எதையும் கேட்கவில்லை, நானும் எதற்கும் சம்மதிக்கவில்லை. திரையில் "உங்கள் தகவல் எதுவும் பகிரப்படவில்லை" என்று வருவதும் சொல்லளவில் சரிதான். ஏற்கெனவே பொதுவில் கிடப்பதைப் பகிரத் தேவையில்லையே.

சரி, தனியாக இன்னொரு முகவரி வைத்துக்கொண்டால் போயிற்று என்று தோன்றும். வைத்துப் பார்த்தேன். புது முகவரியில் ஒரு அடி எடுத்துவைக்கவும் கேஸ் கட்டணம் (ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் சங்கிலிக்குச் செலுத்துவது) வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். பழைய முகவரியிலிருந்து அனுப்பினால் இரண்டுக்கும் உள்ள உறவு அப்போதே பதிவாகிவிடும். கிரிப்டோ நாணயம் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சிலிருந்து அனுப்பினால் அவர்களுக்குத் தெரியும். அங்கே என் அசல் அடையாள ஆவணமும் இருக்கிறது. கட்டணத்தை வேறொருவர் செலுத்தும் ஏற்பாடுகளும் இப்போது வந்திருக்கின்றன. அப்போது அந்த வேறொருவருக்குத் தெரியும். ஒரு மாதம் இரண்டு மாதம் கவனமாக இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் ஒரு தடவைகூடக் கலக்காமல் இருப்பது சாதாரண மனிதரால் ஆகாது. கலந்தது கலந்ததுதான், பிரிக்க வழியில்லை.

அழிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈஎன்எஸ் பெயரோடு மின்னஞ்சல், தளமுகவரி, படம் என்று விவரங்களைச் சேர்க்கலாம், மாற்றலாம், நீக்கலாம். நீக்கியதும் செயலிகளில் அது தெரியாது. ஆனால் முதலில் எழுதிய பரிவர்த்தனை சங்கிலியில் அப்படியே இருக்கிறது. தேடத் தெரிந்தவருக்குப் பழைய மதிப்பும் தேதியோடு கிடைக்கும். போதாதற்கு, என் முகவரிக்கு யார் வேண்டுமானாலும் டோக்கன்கள் எனப்படும் டிஜிட்டல் வில்லைகளை அனுப்பலாம், நான் கேட்காமலே. 2022-இல் எத்தீரியத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் பூட்டெரின், கிளென் வெயில், பூஜா ஓல்ஹேவர் மூவரும் கைமாற்ற முடியாத "ஆன்மா டோக்கன்" பற்றி எழுதியபோது பலர் அதைப் படிப்புச் சான்றுக்கும் பணி அனுபவச் சான்றுக்கும் சரியான வழியாகப் பார்த்தார்கள். விற்க முடியாத, மறைக்க முடியாத, பிறர் ஒட்டிவிட்டுப் போகக்கூடிய ஒரு முத்திரையை என் பெயர்மேல் ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இன்றும் வரவில்லை.

"நாங்கள் தகவலைச் சங்கிலியில் வைப்பதில்லை, அதன் ஹாஷை மட்டும்தான் வைக்கிறோம்" என்று சில சேவைகள் சொல்லும். ஹாஷ் என்பது தகவலிலிருந்து கணக்கிட்டு எடுக்கும், நேராகத் திருப்பி அவிழ்க்க முடியாத ஒரு குறியீடு. ஆனால் அவர்கள் சொல்வதைக் கேட்டதும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். பத்து இலக்க போன் எண் என்றால் மொத்தமே 1,000 கோடி சாத்தியங்கள். எல்லாவற்றுக்கும் ஹாஷ் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றைய கணினிக்குப் பெரிய வேலை இல்லை. பிறந்த தேதி இன்னும் எளிது, நூறு ஆண்டுக்கு 36,525 நாள்கள்தான். யாருக்கும் தெரியாத ஒரு நீண்ட சீரற்ற எண்ணைக் கலந்து ஹாஷ் போட்டால் மட்டுமே அதற்கு அர்த்தம் உண்டு. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் 2025 ஏப்ரலில் வெளியிட்ட பிளாக்செயின் வழிகாட்டுதல்களும் இந்தப் பக்கம்தான் நிற்கின்றன. தனிநபர் தகவலைச் சங்கிலியில் வைப்பது தரவுப் பாதுகாப்புக் கோட்பாடுகளோடு மோதினால் வைக்காதீர்கள் என்கிறது வாரியம். அழிக்க முடியாதது தொழில்நுட்பத்தின் தன்மை என்ற சாக்கையும் அது ஏற்கவில்லை.

இப்போது இரண்டாம் வகை. எனக்கு உண்மையில் பிடித்துப்போனது இதுதான். சான்று வழங்குபவர் கையொப்பமிட்டுத் தருகிறார், அது என் போனில் இருக்கிறது. ஒரு தளம் கியூஆர் குறியீட்டைக் காட்டுகிறது, ஸ்கேன் செய்கிறேன், "இன்னார் இன்னின்ன விவரங்களைக் கேட்கிறார்கள்" என்று வாலட் காட்டுகிறது, சம்மதித்தால் போகிறது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இந்தச் சான்றுகளுக்கான தரத்தை 2019-இலும், டிஐடி எனப்படும் பரவலாக்கப்பட்ட அடையாளங்காட்டிக்கான தரத்தை 2022 ஜூலையிலும் வெளியிட்டது. பதினெட்டு வயது ஆகிவிட்டது என்பதை மட்டும் நிரூபித்து, பிறந்த தேதியைச் சொல்லாமல் உள்ளே போன முதல் தடவை எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. அடையாள அட்டையின் படத்தையே முழுசாக அனுப்பிப் பழகிய நமக்கு இது பெரிய விடுதலை.

ஆனால் திரையில் ஒரேமாதிரி தெரியும் இரண்டு வாலட்களுக்கு உள்ளே நடப்பது வேறுவேறு. எஸ்டி-ஜேடபிள்யூடி என்ற முறையில் சான்றின் ஒவ்வொரு விவரமும் ஹாஷாக மூடப்பட்டிருக்கும். எதைத் திறக்க வேண்டுமோ அதை மட்டும் திறக்கலாம். எளிய, நம்பகமான முறை. ஆனால் வழங்குபவரின் கையொப்பம் ஒவ்வொரு இடத்திலும் அதேதான். இரண்டு தளங்கள் தங்கள் பதிவுகளை ஒப்பிட்டால், என் பெயர் தெரியாமலே "இவரும் அவரும் ஒரே ஆள்" என்று கண்டுபிடித்துவிடலாம். இதைத் தவிர்க்க ஒரே சான்றை ஒருமுறை மட்டும் காட்டும் பிரதிகளாகக் கட்டுக்கட்டாக வழங்குகிறார்கள். பிபிஎஸ் கையொப்பம் போன்ற முறைகளில் இந்தத் தலைவலி இல்லை. ஒவ்வொரு தடவையும் வாலட் புதிதாக ஒரு நிரூபணத்தை உருவாக்குகிறது, முந்தையதோடு அதை இணைத்துப் பார்க்க முடியாது. இந்த யோசனை இன்று பிறந்ததும் அல்ல. ஒவ்வொரு நிறுவனத்திடமும் வெவ்வேறு புனைபெயரோடு பழகி, சான்றை மட்டும் இடம் மாற்றிக் காட்டலாம் என்று குறியாக்க அறிஞர் டேவிட் சௌம் 1985-லேயே எழுதிவிட்டார். பிளாக்செயின் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பு!

என் குறை இதுதான்: எந்த முறையில் இயங்குகிறது என்பதை எந்த வாலட்டும் எனக்குத் திரையில் சொன்னதில்லை. தொழில்நுட்ப ஆவணத்தைத் தோண்டிப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. "இந்தத் தளம் உங்கள் முந்தைய வருகையோடு இதை இணைக்க முடியும்" என்று ஒரே ஒரு வரி போட்டால் போதும்.

சான்று இன்னும் செல்லுபடியாகிறதா என்று சரிபார்க்கும் இடமும் அப்படியே. தளம் நேராக வழங்குபவரிடம் கேட்டால், நான் எங்கே எப்போது என் சான்றைக் காட்டினேன் என்பது வழங்குபவருக்குப் போய்ச் சேரும். நல்ல அமைப்புகளில் வழங்குபவர் ஒரு பெரிய பட்டியலை வெளியிடுகிறார். தளம் அதை மொத்தமாக இறக்கி, என் வரிசையை மட்டும் பார்க்கிறது. டபிள்யூ3சி தரத்தில் இந்தப் பட்டியலுக்குக் குறைந்தபட்சம் 1,31,072 இடங்கள் இருக்க வேண்டும். கூட்டத்தில் ஒருவராக மறைந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு. அதைச் சங்கிலியில் வைத்தாலும் சாதாரண வலைத்தளத்தில் வைத்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். பயன்படுத்தப் பயன்படுத்த இது எனக்குத் தெளிவானது: என் அந்தரங்கத்தைக் காத்த பகுதிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பிளாக்செயின் தேவைப்படவே இல்லை.

அடுத்து நான் மிகவும் கவலைப்படுவது. சம்மதம் கேட்கும் திரையில் எனக்கு இரண்டே வழிகள்: பகிர், அல்லது மறு. ஒரு தளம் முழுப்பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் கேட்டால், அதில் முகவரியை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை அனுப்ப நான் பயன்படுத்திய வாலட்கள் எதிலும் வழியில்லை. மறுத்தால் சேவை கிடையாது. முன்பு ஆவணத்தை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டியிருந்ததால், தேவையில்லாத தளங்கள் கேட்கத் தயங்கின. இப்போது ஒரு தட்டலில் முடிகிறது என்பதால் கேட்பது கூடியிருக்கிறது. வெறும் செய்திமடலுக்குக்கூடச் சரிபார்த்த பெயரைக் கேட்ட தளத்தைப் பார்த்திருக்கிறேன். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, கேள்வி கேட்கும் அதிகாரத்தை முழுக்க எதிர்ப்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டால் அதில் என்ன கட்டுப்பாடு இருக்கிறது?

இந்த இடத்தில் குறியாக்கத்தைவிடச் சட்டம்தான் அதிகம் செய்ய முடியும் என்று இப்போது நினைக்கிறேன். 2024-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் திருத்தப்பட்ட டிஜிட்டல் அடையாளச் சட்டம் சரியான நரம்பைப் பிடித்திருக்கிறது. தகவல் கேட்கும் நிறுவனம் முன்கூட்டியே பதிவு செய்து, என்னென்ன கேட்கப்போகிறது என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் கேட்கக் கூடாது. யாரிடம் என்ன பகிர்ந்தேன் என்ற பட்டியலை வாலட்டிலேயே பார்த்து, அழிக்கக் கோரவும் புகார் செய்யவும் வழி இருக்க வேண்டும். இந்த வாலட் பிளாக்செயினில்தான் ஓட வேண்டும் என்று அந்தச் சட்டம் எங்கும் கட்டாயப்படுத்தவில்லை.

சாவி தொலைவதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 2,048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து எடுத்த 12 அல்லது 24 மீட்புச் சொற்கள்தான் எல்லாம். போன் மாற்றியபோது ஈஎன்எஸ் பெயரும் வாலட்டும் சொற்களைத் தட்டியதும் வந்துவிட்டன. சான்றுகள் வரவில்லை, அவற்றில் சில பழைய போனின் பாதுகாப்புச் சிப்போடு கட்டப்பட்டவை. வழங்கியவர்கள் ஒவ்வொருவரிடமும் திரும்பப் போய்க் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. திருடன் நகலெடுக்க முடியாது என்பதற்காக வைத்த பூட்டு அது, குறை சொல்லவில்லை. ஆனால் நிறுவும்போதே இதைச் சொல்லியிருக்கலாம். நம்பிக்கையான சிலரைக் காவலர்களாக வைத்து மீட்கும் வசதி எனக்குப் பிடித்திருக்கிறது. காவலர்களின் முகவரிகள் சங்கிலியில் வெளிப்படையாகப் பதிவானால் என் நெருங்கிய வட்டமும் அம்பலமாகும் என்பதால், அவற்றை மறைத்து வைக்கும் வாலட்டையே தேர்ந்தெடுங்கள்.

நிரந்தரம் என்ற பேச்சும் அனுபவத்தில் நிற்கவில்லை. என்னிடம் உள்ள ஒரு பயிற்சிச் சான்றின் அடியில் இருந்த வலைப்பின்னல் நின்றுபோனது. சான்று பத்திரமாக இருக்கிறது, கையொப்பமும் இருக்கிறது. வழங்கியவரின் பொதுச்சாவியைத் தேடிப் பார்க்கத்தான் இடம் இல்லை. பெரிய பெயர்களுக்கும் இதே கதைதான். இந்தத் துறையின் முன்னோடியான சோவ்ரின் தன் முதன்மை வலைப்பின்னலை 2025-இல் மூடியது. மைக்ரோசாஃப்ட் 2021-இல் பிட்காயின் மேல் ஐயான் என்ற அடையாள அமைப்பை வெளியிட்டது. பின்னர் தன் சான்றுச் சேவையில் அதை விட்டுவிட்டு, வலைத்தள முகவரியை ஆதாரமாகக் கொள்ளும் முறைக்கு மாறிவிட்டது. டிஐடி முறைகள் நூற்றுக்கும் மேல் பதிவாகியிருக்கின்றன; ஒரு வாலட்டில் வாங்கிய சான்றை இன்னொன்றில் ஏற்ற முயன்றவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும்.

கருவிழியை ஸ்கேன் செய்து "தனி மனிதர்" என்று சான்று தரும் சேவைகளை நான் பயன்படுத்தவில்லை. கடவுச்சொல்லை மாற்றலாம், சாவியை மாற்றலாம், கருவிழியை மாற்ற முடியாது. 2024 மார்ச்சில் ஸ்பெயினின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், இந்த வகைச் சேவையான வேர்ல்ட்காயின் தன் நாட்டில் தகவல் சேகரிப்பதைத் தற்காலிகமாக நிறுத்தச் சொன்னது எனக்கு வியப்பாக இல்லை.

இன்றைய நிலையில் ஈஎன்எஸ் பெயரைப் பொதுவாழ்வுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். யார் பார்த்தாலும் பரவாயில்லை என்ற தொகைக்கும் வேலைக்கும்தான் அது. வயதுச் சான்றைத் தயங்காமல் பயன்படுத்துகிறேன், மற்றவர்களுக்கும் சொல்கிறேன். புதிதாக ஒரு வாலட்டை எடுக்கும்போது மூன்று விஷயங்களைப் பார்க்கிறேன்: பகிர்ந்தவற்றின் பட்டியலை வெளியே எடுக்க முடிகிறதா, ஒவ்வொரு தளத்துக்கும் தனி அடையாளங்காட்டி உருவாகிறதா, வழங்குபவருக்குத் தெரியாமல் செல்லுபடி சரிபார்க்கப்படுகிறதா. கேட்டதில் ஒரு வரியை மட்டும் நீக்கிவிட்டு மிச்சத்தை அனுப்பும் பொத்தானுக்காக வாலட் செய்பவர்களிடம் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன், நீங்களும் எழுதுங்கள்.