மாஸ் ஸ்டிக்கா, தேங்காய்நார்க் கம்பா, பலகையா? பிலோடென்ட்ரான் ஏற எது தோது

பிலோடென்ட்ரான் கொடியை ஏற்றிவிட நர்சரியில் போய் "அண்ணா, மாஸ் ஸ்டிக் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். மாஸ் ஸ்டிக் என்றால் பாசிக் கம்பு. ஆனால் பெரும்பாலும் கையில் வருவது பிவிசி குழாயில் தேங்காய்நார்க் கயிறு சுற்றிய கம்புதான். அதில் பாசி என்று ஒரு கிள்ளுகூட இருக்காது. பேர் மாறிப்போனால் என்ன என்று கேட்கலாம். ஆனால் இரண்டும் செய்கிற வேலையே வேறு. "வீடியோவில் தாம்பாளம் மாதிரி இலை விடுகிறது, என் வீட்டில் மட்டும் வெற்றிலை சைஸைத் தாண்டவில்லையே" என்கிற புலம்பல் பாதி நேரம் இந்தக் கம்பில்தான் தொடங்குகிறது.

சென்னையில் என் வீட்டுக் கிழக்கு ஜன்னலோரம் நான்கு தொட்டிகள் இருக்கின்றன. இதய வடிவ இலை கொண்ட சாதாரணப் பச்சை பிலோடென்ட்ரான், ஒரே கொடியிலிருந்து வெட்டிய நான்கு துண்டுகள். ஒன்றைத் தொங்கவிட்டேன், ஒன்றை நார்க் கம்பில் ஏற்றினேன், ஒன்றைப் பாசிக் கம்பில், ஒன்றை மரப்பலகையில். ஒன்றரை வருஷம் கழித்து ஸ்கேல் வைத்துக் கடைசியாக விட்ட இலைகளை அளந்தேன். தொங்குவது 7 சென்டிமீட்டர், நார்க் கம்பு 10, பலகை 13, பாசிக் கம்பு 19. நான்கும் ஒரே கொடி என்று சொன்னால் வீட்டுக்கு வருகிறவர்கள் நம்புவதில்லை.

இது நம்ம சேனை, சேம்பு இருக்கிற குடும்பத்துச் செடி. இலைச்சாறு நாக்கில் பட்டால் சேனை மாதிரியே அரித்துத் தள்ளும். குழந்தையோ பூனையோ வாய் வைக்காத உயரத்தில் வையுங்கள். சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலக் காடுகள். 1829-இல் இந்தப் பேரினத்தை வரையறுத்த ஷோட் என்கிற வியன்னா தாவரவியலாளர், கிரேக்கத்தில் 'மரத்தை நேசிப்பது' என்று பொருள்படும்படி பேர் வைத்தார். கணுவுக்குக் கணு வேர் விட்டு மரத்தைப் பற்றிக்கொண்டு மேலே போகப் போக இலை பெரிதாகும். பிடிப்பு கிடைக்காமல் தொங்கினால் கணுக்கள் தள்ளிப்போய், இலை சிறுத்துக்கொண்டே வரும். (மணி பிளான்ட் இது இல்லை. புது இலை ஒரு மெல்லிய உறைக்குள்ளிருந்து வந்து, அப்புறம் அந்த உறை காய்ந்து உதிர்ந்தால் பிலோடென்ட்ரான்.)

பாசிக் கம்பு ஜெயிப்பதற்குக் காரணம் எளிது. வலைக்குழாய்க்குள் ஸ்பேக்னம் பாசியை அடைத்து ஈரமாக வைத்தால், கணு வேர்கள் உள்ளே நுழைந்து தண்ணீரும் உரமும் குடிக்கின்றன. அதாவது நிமிர்த்தி வைத்த இன்னொரு தொட்டி. தொட்டி என்றால் தினமும் கவனிக்க வேண்டும், இல்லையா? சிக்கல் அங்கேதான். சித்திரை வெயிலில், மேலே மின்விசிறி சுற்றுகிற அறையில், காலையில் நனைத்த பாசி மறுநாள் காலைக்குள் மொறமொறவென்று ஆகிவிடும். நான்கு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தபோது உள்ளே போயிருந்த வேர்நுனிகள் எல்லாம் பழுப்பு நூலாகிக் கிடந்தன.

அடுத்தது உப்பு. போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் பாசி மேல் வெள்ளைப் பொருக்கு படியும், பாசி கறுத்துக் கூழாகும். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீர் அதைவிட மோசம், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். நான் பிடித்து வைத்த மழைத் தண்ணீரும், அது தீர்ந்தால் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் ஊற்றுகிறேன். பாசி நியூசிலாந்திலிருந்தோ சிலியிலிருந்தோ வருகிற சரக்கு என்பதால் விலையும் அதற்கேற்ற மாதிரிதான்.

நார்க் கம்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒருமுறை காய்ந்துவிட்டால் தண்ணீர் மேலோடு வழிந்து ஓடிவிடும். உள்ளே பிவிசி இருப்பதால் வேர் புகவும் வழியில்லை. கொடி சாய்ந்து நிற்க ஒரு கைத்தடி, அவ்வளவுதான். புதிதாக வாங்கினால் ஒரு நாள் ஊறப்போட்டு இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றுங்கள், நாரில் உப்பு இருக்கும். கம்பின் அடியைத் திருப்பியும் பாருங்கள். எனக்கு ஒரு நர்சரியில் குழாய்க்குப் பதில் சவுக்குக் குச்சியில் நார் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது ஐப்பசியில் மண்மட்டத்தில் உளுத்து, ராத்திரி இரண்டு மணிக்கு தொட்டியோடு சேர்ந்து தடாலென்று விழுந்தது.

எதிர்பாராமல் பிடித்துப்போனது பலகை. மரவாடியில் கழிவாகக் கிடந்த தேக்குத் துண்டு, நான்கு விரற்கடை அகலம், இழைக்காத சொரசொரப்பு. ஈரம் பிடிக்காது, ஆகவே செடி குடிப்பது கீழ்த்தொட்டியில் மட்டும்தான். ஆனால் வேருக்குப் பிடிமானம் அருமை. மழைக்காலத்தில் ஒவ்வொரு வேரும் பல்லி மாதிரி தட்டையாக அப்பிக்கொள்கிறது. கோடையில் புது வேர் ஒட்டாமல் காய்ந்துபோகும், அதற்காகச் செடி வாடுவதில்லை. வழவழப்பான பிளைவுட், பெயின்ட் அடித்தது இரண்டும் வேண்டாம். தரையோடு தொட்டி வைத்திருப்பவர்கள் கரையானையும் நினைவில் வைக்க வேண்டும்.

எதில் ஏற்றினாலும் முதல் சில மாதம் கட்டித்தான் ஆகவேண்டும். கொடிக்காலில் வெற்றிலைக் கொடியை அகத்தியோடு வாழைநாரால் கட்டுவார்கள். அதையே இங்கேயும் செய்யலாம். பிளாஸ்டிக் டை தண்டை அறுக்கும். வாழைநார் தானே இற்றுப்போவதற்குள் வேர் பிடித்திருக்கும். கட்டும்போது கணு கம்பைத் தொட வேண்டும், இலைக்காம்பு சிக்கக்கூடாது.

சரி, எதை வாங்குவது? மெலனோகிரைசம் மாதிரி வெல்வெட் இலை ரகத்துக்குக் காசு கொடுத்திருந்தால், தினமும் தண்ணீர் ஊற்ற வீட்டில் ஆளும் இருந்தால், பாசிக் கம்பு. கடலோர ஊரில், அடிக்கடி வெளியூர் போகிற வீட்டில், நான் பலகையைத்தான் சொல்வேன். கோவை, மதுரை மாதிரி காற்று வறண்ட ஊரில் பலகை இந்த அளவுக்கு ஒட்டும் என்று உறுதி சொல்ல மாட்டேன். அங்கே நார்க் கம்பில் கட்டிவிட்டு, இலை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை என்று இருப்பது நிம்மதி. தொங்கவிடுவதும் தப்பில்லை, அழகுக்கு அதுதான் அழகு. நுனியை மட்டும் அடிக்கடி கிள்ளி அதே தொட்டியில் ஊன்றுங்கள், மேலே வழுக்கையாகாது.

உச்சியைத் தொட்ட பிறகு என்ன என்பதிலும் பாசிக் கம்புக்கு ஒரு சாதகம் உண்டு. மேலே இன்னொரு குழாயைச் செருகலாம், அல்லது நடுவில் கம்போடு சேர்த்து வெட்டி மேல்பாதியைத் தனித் தொட்டியில் வைக்கலாம். வேர் ஏற்கெனவே உள்ளே இருப்பதால் வாடாது. பலகையில் அந்த வசதி இல்லை, வேரைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். என் பலகைக் கொடி போன மாதம் உச்சியைத் தாண்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துவிட்டது. கத்தரியை எடுத்து வந்து இரண்டு தடவை திருப்பி வைத்துவிட்டேன். கொசுவலைக் கதவைத்தான் இப்போது சாத்த முடியவில்லை.