கொசு உள்ளானா, செங்கழுத்து உள்ளானா? ஸ்கோப்போடு ஆறு வருடம்

65 மிமீ லென்ஸ், 20 முதல் 60 மடங்கு வரை ஜூம். தூரத்துப் பறவைகளைப் பார்க்க ட்ரைபாடில் பொருத்தும் இந்த ஒற்றைக் குழல் தொலைநோக்கியை, அதாவது ஸ்கோப்பை, வாங்கியதே ஒரு குழப்பத்தைத் தீர்க்கத்தான். வலசை திரும்பும் ஏப்ரல், மே மாதங்களில் சேற்றில் மேயும் சின்னஞ்சிறு கரைப்பறவைகளான உள்ளான்களில் எது கொசு உள்ளான், எது செங்கழுத்து உள்ளான்? இரண்டுக்கும் கால் கறுப்பு, உருவமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பைனாகுலரில் பார்த்துவிட்டு, "ஏதோ ஒரு உள்ளான்" என்றே பல வருடம் எழுதிவந்தேன்.

முதல் வருடம் ஜூமை 60 மடங்கிலேயே வைத்திருந்தேன். தப்பு. படம் இருண்டுவிடும், வெயில் ஏறினால் கானல் அலையில் பறவையின் விளிம்பே நெளியும். இப்போது 30ஐத் தாண்டுவதில்லை. அதிகாலையில், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று, ஒரே பறவையைக் கால் மணி நேரம் விடாமல் பார்க்கிறேன். பைனாகுலரில் அவ்வளவு நேரம் கை தாங்காது. ஸ்கோப்பின் பெரிய பலனே அதுதான்.

போன மே மாதம் ஒன்று. முகமும் கழுத்தோரமும் நல்ல செம்மை. செங்கழுத்தேதான் என்று மனம் முடிவு கட்டிவிட்டது. ஆனால் தலை குனிந்தே மேய்ந்துகொண்டிருந்ததால் தொண்டை தெரியவில்லை. காத்திருந்தேன். இறகு கோத நின்று, அலகை ஒரு கணம் மேலே தூக்கியது. தொண்டை வெள்ளை! மார்போரத்துக் கரும்புள்ளிகளும் அந்தச் செம்மைக்குள்ளேயே இருந்தன. கொசு உள்ளான்.

செங்கழுத்து உள்ளானுக்கு முழு இனப்பெருக்கக் கால இறகு வந்துவிட்டால் தொண்டையிலிருந்து மேல்மார்பு வரை புள்ளியில்லாத செம்மை இருக்கும். கரும்புள்ளிகள் அதற்குக் கீழே, வெள்ளைப் பரப்பில் வரும். அடுத்து மடித்த சிறகைப் பாருங்கள். கொசு உள்ளானுக்கு அங்கேயும் கறுத்த இறகுகளுக்குச் செம்பழுப்பு விளிம்பு. மற்றதற்கு முதுகு சிவந்திருந்தாலும் சிறகு பெரும்பாலும் சாம்பல்தான். கால் நீளம், அலகின் கூர்மையை மட்டும் நம்பி நான் பெயர் எழுதுவதில்லை. பறவை நிற்கும் விதத்திலேயே அது மாறித் தெரிகிறது. காலில் ஒட்டிய சேறு காய்ந்தால் கறுப்புக் கால்கூட வெளிறிவிடும். சிவந்த கழுத்தோடு சாண்டர்லிங் என்ற இன்னொரு கரைப்பறவையும் கூட்டத்தில் வரும், ஆனால் அது பெரிய உருவம், பின்விரலும் கிடையாது.

இன்னும் சாம்பல் இறகு மாறாத பறவையிடம் இந்த ஸ்கோப்பும் பெரிதாக உதவவில்லை. அப்போது பெயரை எழுதாமல் விட்டுவிடுகிறேன்.

மூன்றாம் வருடம் கண்வில்லையின் ரப்பர் வளையம் தளர்ந்தது, மாற்றினேன். லென்ஸில் குறையில்லை. ஆனால் லேசான ட்ரைபாட் வாங்காதீர்கள். காற்றடித்தால் புள்ளிகள் கோடுகளாகிவிடும். நான் கனமானதுக்கு மாறிய பிறகுதான் மார்புப் புள்ளிகளை ஒழுங்காகப் பார்க்க முடிந்தது.

ஆறு வருடத்தில் செங்கழுத்து என்று உறுதியாக எழுதியது நான்கே பறவைகளை. நான்கிலும் தொண்டையை நேராகப் பார்த்திருக்கிறேன்.