பழைய பதிவு எங்கே போகிறது? போஸ்ட்கிரெஸும் மைஎஸ்க்யூஎல்லும்

ஒரு கோடி பதிவுகள் கொண்ட அட்டவணையில் பாதியை அழித்தாகிவிட்டது. டிஸ்க்கில் இடம் மட்டும் கூடவில்லை. டேட்டாபேஸ் நிர்வாகத்துக்குப் புதிதாக வருகிறவர்களைத் திகைக்க வைக்கும் கேள்வி இது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் என்ற இரண்டு டேட்டாபேஸ் மென்பொருள்களிலும் இதே நிலைதான்; உள்ளே நடப்பதுதான் வேறு. அதைப் புரிந்துகொண்டவருக்கு, வேகத்தை அளந்து காட்டும் பட்டியல்கள் இல்லாமலே எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரிந்துவிடும்.

ஒருவர் ஒரு பதிவை மாற்றி இன்னும் கமிட் செய்யாத, அதாவது மாற்றத்தை உறுதிப்படுத்தாத நேரத்தில், அதைப் படிக்க வரும் இன்னொருவருக்குப் பழைய மதிப்பையே காட்ட வேண்டும். ஆகவே பழையதை எங்காவது வைத்திருந்தாக வேண்டும். போஸ்ட்கிரெஸ் அதை அட்டவணைக்குள்ளேயே விட்டுவிட்டு, புதிய பதிப்பைத் தனியாக எழுதுகிறது. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி (5.5 பதிப்பு முதல் பதிவுகளைச் சேமிக்கும் இயல்பு எஞ்சின் அதுதான்) பதிவை இருந்த இடத்திலேயே மாற்றி, பழையதை மீட்பதற்கான விவரத்தை அன்டூ லாக் என்ற தனி இடத்தில் வைக்கிறது.

எனவே போஸ்ட்கிரெஸில் ஒரு கோடி பதிவுகளைப் புதுப்பித்தால் ஒரு கோடி செத்த பதிவுகள் அட்டவணைக்குள் கிடக்கும். வேக்குவம் என்ற துப்புரவுக் கட்டளை அந்த இடங்களை மறுபடி பயன்படுத்தலாம் என்று குறித்துவைக்கும். டிஸ்க்குக்கு அவை பெரும்பாலும் திரும்புவதில்லை. திரும்ப வேண்டுமானால் வேக்குவம் ஃபுல் ஓட்ட வேண்டும். அது முடியும்வரை அந்த அட்டவணையை யாரும் படிக்கக்கூட முடியாது. இதைத் தானாக ஓட்டும் ஆட்டோவேக்குவம் ஏறத்தாழ 20 சதவீதம் குப்பை சேர்ந்த பிறகே எழும் என்பது இயல்பு அமைப்பு. சிறிய அட்டவணைக்கு அது சரி. பத்துக் கோடி பதிவுகள் என்றால் 2 கோடி குப்பை சேரும்வரை காத்திருக்கிறோம் என்று பொருள்! அத்தகைய அட்டவணைகளுக்கு மட்டும் 1 அல்லது 2 சதவீதமாகக் குறைத்துவிடுங்கள். வேலை மெதுவாகிறது என்று ஆட்டோவேக்குவத்தையே நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது. சேர்ந்தே நிறைவேறும் அல்லது சேர்ந்தே ரத்தாகும் மாற்றங்களின் தொகுப்புதான் டிரான்சாக்‌ஷன். அவற்றுக்கான 32 பிட் டிரான்சாக்‌ஷன் எண்கள் தீர்ந்துபோகாமல் காப்பதும் வேக்குவத்தின் வேலைதான்.

இன்னோடிபியில் இந்தத் துப்புரவைப் பின்னணியில் ஓடும் பர்ஜ் திரெட் பார்த்துக்கொள்கிறது. நிர்வாகிக்குத் தொல்லை குறைவு. அதற்கான விலையை ரோல்பேக்கில் கொடுக்கிறோம். இரண்டு மணி நேரம் ஓடிய அப்டேட்டை ரத்துசெய்தால் போஸ்ட்கிரெஸ் நொடியில் முடித்துவிடும். அந்த டிரான்சாக்‌ஷன் செல்லாது என்று குறித்தால் போதும். இன்னோடிபியோ ஒவ்வொரு மாற்றத்தையும் பின்னோக்கி அவிழ்க்க வேண்டும். பதற்றத்தில் சர்வரை அணைத்து மீண்டும் ஏற்றினாலும் அந்த வேலை தொடரும். பெரிய அப்டேட்டைச் சில ஆயிரம் பதிவுகளாகப் பிரித்து ஓட்டுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

காலையில் யாரோ திறந்து மூட மறந்த டிரான்சாக்‌ஷன் இரண்டுக்குமே பகை. அது பார்க்கக்கூடும் என்பதற்காகப் பழைய பதிப்புகள் எதையும் அகற்ற முடியாது.

ஒரே டிரான்சாக்‌ஷனில் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டால் பதில் மாறுமா? போஸ்ட்கிரெஸின் இயல்பு அமைப்பான ரீட் கமிட்டடில் மாறலாம்; இன்னோடிபியின் இயல்பு அமைப்பான ரிப்பீட்டபிள் ரீடில் சாதாரண செலக்ட் மாறாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறவர்கள் இதை முதலில் சோதிக்க வேண்டும்.

என் சாய்வை மறைக்கவில்லை: அட்டவணை அமைப்பு அடிக்கடி மாறும் புதிய திட்டத்துக்குப் போஸ்ட்கிரெஸையே எடுப்பேன். அமைப்பை மாற்றும் ஐந்து ஆல்டர் டேபிள் கட்டளைகளில் மூன்றாவது தோற்றால், அனைத்தையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் வைத்திருந்தால் போஸ்ட்கிரெஸ் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடும். மைஎஸ்க்யூஎல்லில் முதல் இரண்டும் அப்படியே நிற்கும். நள்ளிரவில் அவற்றைக் கையால் திருத்த வேண்டும். குறுகிய இணைப்புகள் ஆயிரக்கணக்கில் வந்துபோகும் தளமென்றால் மைஎஸ்க்யூஎல்லுக்கு வலு உண்டு. அது இணைப்புக்கு ஒரு திரெட் கொடுக்கிறது. போஸ்ட்கிரெஸ் தனிப் புரோசஸையே தொடங்குவதால் முன்னால், இணைப்புகளைப் பகிர்ந்துதரும் ஒரு பூலர் வைக்க வேண்டியிருக்கும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. மைஎஸ்க்யூஎல்லில் எழுத்துகளைச் சேமிக்கும் முறையாக யூடிஎஃப்8 என்று காலங்காலமாக வழங்கிவந்தது எழுத்துக்கு 3 பைட் மட்டுமே தரும். வழக்கமான தமிழ்க் குறியீடுகள் ஒவ்வொன்றும் சரியாக 3 பைட் என்பதால் கோளாறு வெளியே தெரியாது. இமோஜியோ, 2019-இல் யூனிகோடில் சேர்ந்த முந்திரி, மாகாணி போன்ற பின்னக் குறிகளோ வந்தால் 4 பைட் தேவைப்பட்டுச் சேமிப்பு தோற்கும். 8.0 பதிப்பில் 4 பைட் வரை தரும் யூடிஎஃப்8எம்பி4 இயல்பாகிவிட்டது. ஆனால் அதற்கு முன் உருவான அட்டவணைகள் தாமாக மாறுவதில்லை. ஷோ கிரியேட் டேபிள் ஓட்டி, கடைசி வரியில் எந்த எழுத்து முறை இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.