கேலப் க்யூ12: மேனேஜரை அளக்கும், தலைமையை அளக்காது

அமெரிக்க ஆய்வு நிறுவனமான கேலப் விற்கும் க்யூ12, பெரிய நிறுவனங்களின் ஹெச்ஆர் துறைகள் விரும்பி வாங்கும் ஊழியர் சர்வே. 12 கேள்விகள், 1 முதல் 5 வரை மதிப்பெண். பத்து நிமிடம்கூட ஆகாது.

முதல் இரண்டு கேள்விகள்தான் இதன் பலம்: என்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று தெரியுமா, வேலைக்கு வேண்டிய கருவிகள் கையில் உள்ளனவா. இவற்றில் மதிப்பெண் சரிந்தால் டீம் லீட் அளவிலேயே சரிசெய்துவிடலாம். அலுவலகத்தில் நெருங்கிய நண்பர் உண்டா என்ற பத்தாவது கேள்விக்குப் பலர் சிரிப்பார்கள். அதை வைத்து மேனேஜர் என்னதான் செய்ய முடியும்?

பெரிய குறை வேறு. நிர்வாகத் தலைமையை நம்புகிறீர்களா என்று 12-இல் ஒன்றுகூட நேரடியாகக் கேட்பதில்லை. ஆட்குறைப்பு நடந்த காலாண்டில் ஊழியர் தன் மேனேஜருக்கு 5 போடுவார், சிஇஓ சொல்வதில் ஒரு வார்த்தையையும் நம்பமாட்டார். சராசரி அழகாகவே இருக்கும். தலைமை பற்றி இரண்டு கேள்விகளைத் தனியாகச் சேர்த்தே ஆகவேண்டும்.

மதிப்பெண்ணை மேனேஜரின் போனஸோடு கட்டினால் காசு தண்டம். "எல்லாரும் 5 போட்டுடுங்க" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்துவிடும். நாலைந்து பேர் உள்ள குழுவின் முடிவைத் தனியாகக் காட்டாதீர்கள், யார் எழுதியது என்று தெரிந்துபோகும். முடிவை ஒரு மாதத்துக்குள் ஊழியர்களிடம் காட்ட முடியாதவர்கள் இதை வாங்கவே வேண்டாம்.