நெடுநாள் கிடந்த அவுட்போர்டு மிஸ்ஸிங் அடித்தால்: பல சீசன் பார்த்ததில் தேறியவை

ஆறேழு மாதம் ஓடாமல் கிடந்த அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் இன்ஜின்) ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஐட்லிங்கில் நிற்காது, கியர் போட்டதும் அமர்ந்துவிடும், திராட்டிலைத் திறந்தால் இருமும். இதைத்தான் மிஸ்ஸிங் என்கிறோம். உடனே எல்லாரும் கை வைப்பது ஸ்பார்க் பிளக்கில். பத்தில் எட்டுத் தடவை கோளாறு பெட்ரோல் பக்கம்தான் இருக்கும். அதுவும் குண்டூசி நுழையாத ஒரு துளையில்.

ஸ்பேனரை எடுக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. படகின் டேங்கைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, சின்ன டேங்க் ஒன்றில் புது பெட்ரோல் ஊற்றி, வேறு ஹோஸ் போட்டு ஓட்டிப் பாருங்கள். டூ ஸ்ட்ரோக் என்றால் பெரும்பாலான மாடல்களுக்கு லிட்டருக்கு 20 மில்லி டிசி-டபிள்யூ3 ரக (தண்ணீரால் குளிரும் டூ ஸ்ட்ரோக்குக்கான) ஆயில், அதாவது பெட்ரோலும் ஆயிலும் 50:1. இப்படி ஓட்டும்போது இன்ஜின் சீரானால் கோளாறு பழைய பெட்ரோல், டேங்க், ஹோஸ், ஃபில்டர் இவற்றுக்குள் இருக்கிறது. அப்போதும் திணறினால் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரை (கார்ப்) பார்க்கலாம். இந்த ஒரு சோதனையே பாதி வேலையை மிச்சம் பிடித்துவிடும். ஆனால் இயர்மஃப் (தண்ணீர் நுழையும் வாயில் ஹோஸை இணைக்கும் ரப்பர் கவ்வி) மாட்டியோ டிரம்மில் இறக்கியோ தண்ணீர் கொடுக்காமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக்கூடாது. மாதக்கணக்கில் ஒரே நிலையில் வளைந்து கிடந்த, தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் இறக்கைகள் விறைத்திருக்கும். காய்ந்து சுற்றினால் சில வினாடிகளில் கிழிந்துவிடும்.

அடுத்து, கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் பௌலின் அடி ஸ்க்ரூவைத் திறந்து, உள்ளே இருப்பதைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். பக்கத்தில் நெருப்போ பேட்டரிப் பொறியோ கூடாது. ஐந்து நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் முத்து முத்தாகத் தனியே உருண்டால் தண்ணீர். டீ நிறத்தில், வார்னிஷ் நெடியோடு வந்தால் பெட்ரோல் கெட்டுவிட்டது; பச்சைப் பொடி தெரிந்தால் பித்தளை அரித்திருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலில் தொல்லை இன்னும் கூடுதல். காற்றின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். டேங்கிலிருந்து குழாய் உறிஞ்சுவது அந்த அடி அடுக்கைத்தான். புது பெட்ரோலை மேலே ஊற்றி இதைச் சரிசெய்ய முடியாது, டேங்கைக் காலி செய்தே ஆகவேண்டும்.

ஓடும்போது, காற்று வழியைக் குறைக்கும் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். தேறினால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம்: ஜெட் (பெட்ரோல் பாயும் சிறு துளையுள்ள திருகு) அடைப்பு, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. மோசமானால் ஏற்கெனவே பெட்ரோல் அதிகம்; பௌலுக்குள் பெட்ரோல் வருவதை நிறுத்தும் ஃப்ளோட் ஊசி ஒட்டிக்கொண்டிருக்கலாம், பிளக் கருப்பாக நனைந்து வரும். திணறும் நேரத்தில் ஹோஸில் உள்ள பிரைமர் பல்பை (கையால் பெட்ரோல் ஏற்றும் ரப்பர் குமிழ்) அமுக்கினால் இன்ஜின் நிமிர்கிறதா? அப்படியானால் பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) விறைத்திருக்கிறது, அல்லது ஹோஸ் முனை ஓ ரிங் வழியே காற்று போகிறது. பல்பு தானே சப்பிப்போனால் டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறக்க மறந்திருப்பீர்கள். அது திறந்தே இருந்தால் ஹோஸின் உள் உறை உரிந்து வழியை அடைத்திருக்கும். வெளியே பார்த்தால் ஹோஸ் புதிதுபோலவே இருக்கும்.

கார்பைக் கழற்றுவதென்றால் முழுதாகக் கழற்றுங்கள். ஐட்லிங் கலவையைச் சரிசெய்யும் பைலட் ஸ்க்ரூவை எடுக்கும் முன் மெதுவாக உள்ளே இறக்கி, எத்தனை சுற்று என்று எழுதிவையுங்கள். இறுக்கி அமுக்கினால் ஊசிமுனை பழுதாகும். மெயின் ஜெட் பெரியது, எளிதில் அடைக்காது. ஐட்லிங்குக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வட்டமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். பிறை போலத் தெரிந்தால் ஓரத்தில் பிசின் படிந்திருக்கிறது. ஐட்லிங்கைக் கெடுக்க அதுவே போதும். கம்பி விட்டுக் குடையாதீர்கள், துளை அகன்றால் அந்த ஜெட் குப்பைக்குத்தான். கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, மறுபடி வெளிச்சத்தில் பாருங்கள். ரப்பர் ஓ ரிங், டயஃப்ரம் மீது கிளீனர் பட்டால் ஊதிப்போகும். மூடும்போது காஸ்கெட் புதிது போடுங்கள்.

பெட்ரோலில் ஊற்றும் 'கிளீனர்' திரவங்கள் பற்றி: லேசான படிவுக்கு ஓரளவு உதவும். முழுதாக அடைத்த பைலட் ஜெட்டுக்குள் பெட்ரோலே போகாதபோது மருந்து எப்படிப் போகும்? அந்தக் காசுக்கு 10 மைக்ரான் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் வாங்கினால் சீசன் முழுக்க வேலை செய்யும்.

பெட்ரோல் பக்கம் சுத்தம் என்றான பிறகே பிளக். துருப் பிடிக்காமல் இருக்க உள்ளே ஃபாகிங் ஆயில் அடித்து வைத்த இன்ஜின் முதல் சில நிமிடம் புகைவதும் தடுமாறுவதும் இயல்பு. பழைய பிளக்கிலேயே அதை எரித்துவிட்டு, பிறகு புதிது போடுங்கள். பிளக் முனை இடைவெளி மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலில் உள்ளதே கணக்கு. எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றுவார்கள். சிடிஐ (ஸ்பார்க்கை உண்டாக்கும் மின்னணுப் பெட்டி) உள்ள இன்ஜினில் கழற்றிய வயரை எர்த்தில் பிடிக்காமல் தொங்கவிட்டால் சிடிஐ யூனிட்டே போய்விடலாம். ஸ்பார்க்கும் நன்றாக இருந்து ஒரு சிலிண்டர் மட்டும் செத்துக் கிடந்தால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பாருங்கள். எல்லா பிளக்கையும் கழற்றி, வயர்களை எர்த் செய்து, திராட்டிலை முழுக்கத் திறந்து அளக்க வேண்டும். சிலிண்டர்களுக்குள் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் கார்பை இன்னொரு முறை கழுவிப் பயனில்லை.

ஐட்லிங் மட்டும் கரடுமுரடாக இருந்து, இன்ஜின் சூடே ஏறாவிட்டால், குளிர்நீர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பாருங்கள். உப்புப் படிந்து திறந்தபடி நின்றிருக்கும்.

அடுத்த முறை நிறுத்தும்போது ஹோஸைக் கழற்றி, தானே அணையும்வரை ஓட்டினால் போதும் என்பார்கள். போதாது, பௌலின் அடியில் கொஞ்சம் மிஞ்சும். அடி ஸ்க்ரூவையும் திறந்து வடியுங்கள். இன்ஜெக்‌ஷன் (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும்) இன்ஜினில் இந்த வேலையே வேண்டாம். அதன் ஹை பிரஷர் பம்புக்குக் குளிர்ச்சியும் வழுவழுப்பும் பெட்ரோல்தான் தருகிறது. அதற்கு, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்த புது பெட்ரோலில் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவதே சரி.