உப்புக்காற்றில் ரிப்பன் ஸ்பீக்கர்: பதின்மூன்று வருடம் பாவித்த அனுபவம்

2012 இல் கொழும்பில் ஒருவர் வெளிநாடு போகும்போது விற்ற சோடி இது. கீழே தாழ்ந்த ஒலிகளுக்குப் பத்து அங்குல வூபர், மேலே உயர்ந்த ஒலிகளுக்கு ரிப்பன் ட்வீட்டர். செய்த கம்பனியை அப்போதே மூடிவிட்டார்கள். இரவு ரயிலில் திருகோணமலைக்குக் கொண்டுவந்து, உப்புவெளி வீட்டில் வைத்து, பழைய நாதஸ்வர ஒலிநாடா ஒன்றைப் போட்டேன். சீவாளியில் மூச்சு உரசுவது வரை கேட்டது. அந்தச் சத்தத்துக்காகத்தான் இன்றுவரை இதை விற்க மனம் வரவில்லை.

ரிப்பன் என்பது இரண்டு காந்தங்களுக்கு நடுவில் தொங்கும் அலுமினியத் தாள். மின்சாரம் ஓடுவதும் அதிலேதான், காற்றை அசைப்பதும் அதுதான். என்னுடையது 8 சென்ரிமீற்றர் நீளம், 1 சென்ரிமீற்றர் அகலம், 6 மைக்ரோன் தடிப்பு. கணக்குப் பார்த்தால் நிறை 13 மில்லிகிராம்தான் வரும். தவிலின் அடி அவ்வளவு கூர்மையாக வந்து விழுவது இதனால்தான். 2016 ஆகஸ்டில் அது கிழிந்ததும் இதனால்தான். துடைப்பதற்காக முன்பக்கத் துணிச்சட்டத்தைக் கழற்றி வைத்திருந்தேன், ஜன்னலும் திறந்திருந்தது. கச்சான் காற்று ஒரு வீச்சு வீசியது. இடது பக்கம் முடிந்தது.

ஊரில் ஏறி இறங்காத கடை இல்லை. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு வரை போனேன். எல்லா இடத்திலும் ஒரே பதில்: ரிப்பனுக்குப் பதிலாக, குமிழ் வடிவில் இருக்கும் சாதாரண டோம் ட்வீட்டர் போட்டுத் தரலாம். சத்தம் வரும், ஆனால் நான் வைத்திருந்த ஸ்பீக்கராக அது இருக்காது.

பழைய ரிப்பன் வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கம்பனி உயிரோடு இருக்கிறதா என்பதைத்தான். 1969 இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் தொடங்கிய மேக்னபன் இன்றும் இயங்குகிறது. தன் பழைய மொடல்களையும் திருத்திக் கொடுக்கிறது. மசாசூசெட்ஸில் இருந்த அப்பொஜி 1999 இல் மூடப்பட்டது. ஆனால் அதன் பெரிய ரிப்பன்களை நேசித்தவர்கள் பலர் என்பதால், புதிய ரிப்பன் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் பிறகு உருவாகின. என்னுடையதைப் போல அதிகம் விற்காத ஒன்றுக்கு இரண்டு வழியும் இல்லை.

துறைமுகத்தில் வயர்லெஸ் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவரிடம் கடைசியாகக் கொண்டுபோனேன். பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, "தம்பி, பாட்ஸ் தேடி மினக்கெடாதீங்க. தாளைத் தேடுங்க, மிச்சத்த நாம செய்வம்" என்றார்.

தாள் கிடைப்பதுதான் கஷ்டம். சமையலறை அலுமினியத் தாள் கிட்டத்தட்ட 16 மைக்ரோன். போட்டுப் பார்த்தேன், ஒலி மங்கிப்போனது. மின்விசிறிக் கப்பாசிட்டர்களைப் பிரித்தேன். உள்ளே இருந்தது உலோகம் பூசிய பிளாஸ்டிக் படலம், தனித் தாள் இல்லை. கடைசியில் வெளிநாட்டிலிருந்து 6 மைக்ரோன் தாள் வரவழைத்தேன். இரண்டு வெள்ளைக் கடதாசிகளுக்கு நடுவில் வைத்து, புது பிளேட்டால் ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். மின்விசிறி ஓடக்கூடாது. பழுதான பிரிண்டரில் இருந்து எடுத்த இரண்டு பிளாஸ்டிக் பற்சில்லுகளுக்கு இடையில் உருட்டினால் நெளிவு விழும். அந்த நெளிவு இல்லாவிட்டால் தாள் நீளவாக்கில் நெகிழாது. இரும்பு இடுக்கியைக் கிட்டக் கொண்டுபோகவே கூடாது. காந்தம் அதை இழுக்கும், தாள் கிழியும். ஐயா பாவித்தது தென்னை ஈர்க்கு. நாலாவது தாளில்தான் சரிவந்தது. கூட இழுத்தால் ஒலி கீச்சிடும், தளரவிட்டால் காந்தத்தில் உரசும்.

2019 இல் வலது பக்கம் மெல்ல மெல்ல மங்கியது. ரிப்பன் போய்விட்டது என்றே நினைத்தேன். மல்டிமீற்றர் இதில் உதவாது. ரிப்பனின் தடை 0.04 ஓம் அளவுதான் என்பதால் அம்பிளிபயருக்கும் அதற்கும் இடையில் ஒரு ட்ரான்ஸ்போமர் இருக்கிறது. வெளிமுனையில் மீற்றர் வைத்தால் அளப்பது ட்ரான்ஸ்போமர் சுருளைத்தான்; ரிப்பன் இரண்டாகக் கிழிந்திருந்தாலும் சரி என்றே காட்டும். கழற்றிப் பார்த்தால் ரிப்பன் நல்லாயிருந்தது. அதைப் பிடித்திருந்த செப்புக் கவ்வியில்தான் பச்சை பூத்திருந்தது. அலுமினியமும் செம்பும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அரிப்பு வரும். அங்கே இன்னொரு 0.04 ஓம் கூடினாலே ரிப்பனுக்குப் போக வேண்டியதில் பாதி கவ்வியிலேயே தீர்ந்துவிடும். அலுமினியத்தில் சாதாரண ஈயம் ஒட்டாது, ஆகவே பற்றவைக்கவும் வழியில்லை. கவ்வியை நுண்ணிய எமறித் தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டில் துடைத்து, இறுக்கினோம். பழைய ஒலி திரும்பியது. இப்போது மாரி முடிந்ததும் தை, மாசியில் ஒருமுறை இதைச் செய்கிறேன். கரையோரத்தில் ரிப்பன் செத்துவிட்டது என்று கைவிடப்பட்டவற்றில் பல இப்படிக் கவ்வி பூத்தவையாகவே இருக்கும் என்பது என் எண்ணம்.

அந்த முறை காந்த இடுக்கில் கறுப்புத் துகள்களும் கண்டோம். புல்மோட்டைக் கரையின் இல்மனைட், அதாவது காந்தம் இழுக்கும் கறுப்புக் கனிம மணல் பற்றி இங்கே தெரியாதவர் இல்லை. நம் கரை மணலிலும் அந்தக் கறுப்பு உண்டு. காலில் ஒட்டி வீட்டுக்குள் வருவது காந்தத்தில் போய்ச் சேர்கிறது. ஒட்டும் களிமண்ணை ஈர்க்கு நுனியில் வைத்து ஒற்றி எடுத்தோம்.

வூபரின் விளிம்பில் இருக்கும் போம் வளையம் உதிர்ந்தது பெரிய பிரச்சினையே இல்லை. அளவு சொன்னால் வளையம் கிடைக்கும், ஒரு பின்னேரத்தில் ஒட்டிவிடலாம்.

2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது வெளியிலிருந்து எதையும் எடுக்க முடியவில்லை. முதல்முறை வாங்கியதில் மீதித் தாள் கையில் இருந்ததால் தப்பினேன். அது இப்போது இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில், பிஸ்கட் ரின்னுக்குள், ஈரம் உறிஞ்சும் பைகளோடு இருக்கிறது. இன்னும் ஆறு ரிப்பனுக்குப் போதும்.

திருகோணமலையில் யாரிடமாவது இப்படி ஒன்று மூலையில் கிடந்தால், எறிய முதல் கவ்வியைப் பாருங்கள். திருத்தக் கொண்டுபோவதானால் முழுப் பெட்டியும் தேவையில்லை. ட்வீட்டரை மட்டும் கழற்றி, முன்பக்கத்தை அட்டையால் மூடி, நூலால் கட்டுங்கள். டேப் ஒட்டாதீர்கள், உரிக்கும்போது ரிப்பனும் கூடவே வந்துவிடும்.