இன்பாக்ஸைச் சுத்தம் செய்கிறோம் என்று வரும் செயலிகளிடம் உஷார்

குப்பை மெயில் தொல்லை தாங்காமல், "ஒரே தட்டலில் இன்பாக்ஸ் சுத்தம்" என்று விளம்பரம் செய்யும் செயலி எதையாவது போடலாமா என்று யோசிப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அப்படி ஒன்றுக்கு ஒரு வருடச் சந்தா கட்டி நான் ஏமாந்தேன்.

விளம்பர மெயில் பட்டியல்கள் எல்லாவற்றிலிருந்தும் என் முகவரியை எடுத்துவிட்டதாக அது கணக்குக் காட்டியது. உண்மையில் எந்த நிறுவனத்திடமும் அப்படிக் கேட்கவே இல்லை. வருகிற மெயிலை எல்லாம் வேறொரு ஃபோல்டருக்குள் தள்ளிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சந்தா முடிந்ததும் அத்தனையும் மறுபடி இன்பாக்ஸில் வந்து விழுந்தன. எழுதிக் கேட்டால், "சந்தாவைப் புதுப்பித்தால் சரியாகிவிடும்" என்று பதில். குப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கூலி கேட்கிற வேலை இது.

அதைவிட ஆத்திரம் வந்தது இன்னொரு விஷயத்தில். செயலியை போனிலிருந்து அழித்த பிறகும், என் மெயிலைப் படிக்கும் அனுமதி அவர்களிடமே இருந்தது. கூகுள் கணக்கில், வெளிச் செயலிகளுக்கான இணைப்புகள் இருக்கும் பகுதிக்குப் போய் நாமே நீக்கினால்தான் அது போகும். வங்கிக் கணக்கு விவரம், மருத்துவ அறிக்கை, பாஸ்வேர்டு மாற்றும் லிங்க் என்று எல்லாம் கிடக்கிற இடம் நம் மெயில். வீண் பயமும் இல்லை. அன்ரோல்.மீ என்ற இதே மாதிரிச் சேவை, மக்களின் ரசீது மெயில்களைத் தன் தாய் நிறுவனத்துக்குக் கொடுத்தது. அதிலிருந்த வாங்கல் விவரங்கள், பெயர் நீக்கப்பட்டு, சந்தை ஆய்வாக விற்கப்பட்டன. மெயிலை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில் மக்களை ஏமாற்றியதாக 2019இல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் அதன் மேல் நடவடிக்கை எடுத்தது.

காசு கொடுக்காமலே செய்ய வழி இருக்கிறது. 2024இல் கூகுள் கொண்டுவந்த விதிப்படி, ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்கள், விளம்பர மெயில்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும். இரண்டு நாளுக்குள் நிறுத்தவும் வேண்டும். அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்திலேயே அந்தப் பொத்தான் இருக்கும். தெரிந்த நிறுவனம் என்றால் அழுத்துங்கள். யாரென்றே தெரியாத மெயில் என்றால் உள்ளே இருக்கும் லிங்க் எதையும் தொடாதீர்கள், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். ஸ்பேம் என்று குறித்தால் போதும். படங்கள் தானாகத் திறப்பதையும் நிறுத்தி வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் படத்தை வைத்தே நீங்கள் மெயிலைத் திறந்ததைத் தெரிந்துகொள்கிறார்கள்.

ஏற்கெனவே செயலி போட்டிருப்பவர்கள் முதலில் அனுமதியை நீக்குங்கள். அப்புறம் சந்தாவைத் தனியாக ரத்து செய்யுங்கள், செயலியை அழித்தால் சந்தா நிற்காது. அவர்களிடம் இருக்கும் உங்கள் தகவலை அழிக்கச் சொல்லி மெயில் அனுப்பி, அதன் நகலைப் பத்திரமாக வையுங்கள். செயலியை அழிப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான்.